கொலைகள் நிஜமாகவே குறைந்திருக்கின்றனவா? இந்த எண்ணிக்கையை நம்பலாமா?

#1 வைகைக்கரை

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் (என்சிஆர்பி) வருடாவருடம் வெளியிடும் குற்ற அறிக்கைகளை ஒரு வேலைக்காக வரிசையாகப் பார்க்க வேண்டி வந்தது. மற்றதை விடுங்கள், கொலையை மட்டும் சொல்கிறேன். 1992-ல் நாடு முழுக்கப் பதிவான கொலை வழக்குகள் 40 ஆயிரத்துக்குச் சற்று மேல். 2001-ல் 36,202. 2011-ல் 34,305. 2022-ல் 28,522. 2023-ல் 27,721. இதற்குள் மக்கள்தொகை ஐம்பது கோடிக்கு மேல் கூடிவிட்டது. லட்சம் பேருக்கு நாலரை என்றிருந்த கொலை விகிதம் இப்போது இரண்டுக்கு வந்து நிற்கிறது. பாதிக்கும் கீழே.

தமிழ்நாட்டுக் கணக்கும் அப்படித்தான். 2024-ல் 1,540 கொலைகள், 12 ஆண்டுகளில் இதுதான் குறைவு என்று காவல்துறை சொன்னது. ஆனால் அதே வருடம் ஜூலை 5-ம் தேதி பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். அதற்கப்புறம் மாதக்கணக்கில் டீக்கடையிலிருந்து சட்டசபை வரை ஒரே பேச்சு: தமிழ்நாடு கொலைக்களமாகிவிட்டது.

இந்த எண்களை வீட்டில் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. நம்பாததில் தப்பும் இல்லை என்று தோன்றுகிறது. அதனால்தான் இங்கே கேட்கிறேன். குறைந்தது உண்மையா? உண்மை என்றால் எதனால்? ஒரே வேண்டுகோள், கட்சிச் சண்டை வேண்டாம். 1992-லிருந்து கணக்குப் பார்த்தால் எல்லாரும் ஆண்டாகிவிட்டது.

#2 ரயிலடி

டிவியைப் போட்டாலே வெட்டு, குத்து. இதில் குறைந்துவிட்டதாம்! ஃபைலில் குறைத்திருப்பார்கள். வேறென்ன.

#3 கணக்குப்பிள்ளை

ரயிலடி, ஃபைலில் குறைக்கச் சுலபமான குற்றங்கள் நிறைய உண்டு. திருட்டு, அடிதடி, பெண்கள் மீதான குற்றங்கள், எல்லாமே புகார் வாங்கினால்தான் கணக்கில் ஏறும். 2012-ல் நாடு முழுக்கப் பதிவான பாலியல் வல்லுறவு வழக்குகள் 24,923. 2013-ல் 33,707. ஒரே வருடத்தில் குற்றமா அவ்வளவு கூடியது? டெல்லிச் சம்பவத்துக்குப் பிறகு சட்டம் மாறியது, பெண்கள் புகார் கொடுக்கத் துணிந்தார்கள், போலீசும் வாங்கத் தொடங்கியது. அதே 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம், கைது செய்யத்தக்க குற்றம் என்று புகார் வந்தால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்றது. இந்த மாதிரி எண்கள் ஏறினால் நல்ல செய்தியாகக்கூட இருக்கலாம். கேரளாவில் வழக்கு அதிகம் என்பதை வைத்து அதைக் குற்றவாளிகள் ஊர் என்று சொல்கிறவர்களுக்கும் இதுதான் பதில்.

கொலையில் அப்படியில்லை, உடல் கிடக்கிறது. அதனால்தான் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் ஒப்பிடுகிறவர்கள் கொலை எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

வைகைக்கரைக்கு மூன்று எச்சரிக்கை. 1992 ஒரு மோசமான வருடம். பஞ்சாபில் தீவிரவாதம், காஷ்மீர், டிசம்பரில் பாபர் மசூதிக் கலவரம். உச்சியிலிருந்து அளந்தால் எந்த இறக்கமும் செங்குத்தாகத்தான் தெரியும். ஆனாலும் 2001-லிருந்து எடுத்துக்கொண்டாலும் இறக்கம் இறக்கம்தான். அடுத்தது, வரதட்சணைச் சாவுகள் தனிக் கணக்கு. 2022-ல் மட்டும் 6,450. அதைக் கொலையோடு சேர்க்கவில்லை. கடைசியாக, 2011-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிவு எதுவும் வரவில்லை. லட்சத்துக்கு இத்தனை என்று சொல்வதெல்லாம் உத்தேச மக்கள்தொகையை வைத்துத்தான்.

#4 ஏட்டு_ஓய்வு

உடல் கிடந்தால் கொலைக் கணக்கில் வந்துவிடும் என்று கணக்குப்பிள்ளை நினைக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் காக்கி போட்டவன் சொல்கிறேன், உடலை யாரும் ஒளிக்க வேண்டாம், 174 போட்டால் போதும். சந்தேக மரணம். (இப்போது புதுச் சட்டத்தில் அது 194.) பெண் கிணற்றில் கிடப்பாள். அப்பனும் சித்தப்பனும் வந்து நிற்பார்கள். "தீராத வயிற்றுவலி சார், மனசு ஒடிஞ்சு குதிச்சிட்டா." ஊரே அதைத்தான் சொல்லும். வயிற்றுவலியால் இந்தத் தமிழ்நாட்டில் எத்தனை வயசுப் பெண்கள் செத்தார்கள் என்று பழைய ஃபைல்களைப் பார்த்தால், ஏதோ கொள்ளைநோய் வந்தது என்றுதான் நினைக்கத் தோன்றும். அந்தப் பெண் வேற்றுச் சாதிப் பையனோடு பேசினாள் என்பது எஃப்ஐஆரில் இருக்காது.

ஆனால் ஒன்று. இதெல்லாம் அந்தக் காலத்தில் இன்றைக்கைவிட அதிகம். இப்போது அந்தப் பெண்ணின் சிநேகிதியிடம் மெசேஜ் இருக்கிறது, அந்தப் பையன் வீடியோ போடுகிறான், கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஆள் கூடுகிறது. அமுக்குவது கஷ்டம். அப்படியானால் அன்றைக்கு மறைந்தது அதிகம், இன்றைக்கு மறைவது குறைவு. அப்படி இருந்தும் எண் இறங்கியிருக்கிறது என்றால், நிஜமான இறக்கம் காகிதத்தில் தெரிவதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

#5 வைகைக்கரை

ஏட்டையா, நீங்கள் தெற்கில் வேலை பார்த்தவர் என்று முன்பு ஒரு இழையில் சொன்ன ஞாபகம். அங்கே என்ன மாறியது?

#6 ஏட்டு_ஓய்வு

95-லிருந்து 97 வரை தெற்கே இருந்தவனுக்குத்தான் அது தெரியும். கொடியங்குளம், மேலவளவு என்று ஊர் ஊராகச் சாதி வன்முறை. மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனோடு சேர்த்து ஏழு பேரைக் கொன்றார்கள். போக்குவரத்துக் கழகத்துக்கு ஒரு தலைவர் பெயர் வைத்ததற்கே கலவரம் வந்து, கடைசியில் அரசாங்கம் மாவட்டங்கள், பஸ் கம்பெனிகள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. இன்றைக்கு இருபது வயசுப் பையனிடம் சொன்னால் கதை என்பான்.

அப்போது கொலை என்றால் முக்கால்வாசி பழிக்குப் பழி. கோயில் கொடைத் திருவிழாவில் கைகலப்பு வரும், அடுத்த கொடைக்குள் ஒருவன் விழுவான், அதற்கடுத்த கொடைக்குள் இன்னொருவன். எங்களுக்குத் தேதியே தெரியும், கொடைக்கு முன்பே அந்த ஊரில் பிக்கெட், அதாவது போலீஸ் காவல், போடுவோம். வெட்டியவனைத் தேடிப் பிடிப்பதெல்லாம் அபூர்வம். வக்கீலைப் பார்த்துவிட்டு நாலு மாவட்டம் தள்ளி ஏதோ ஒரு கோர்ட்டில் சரணடைவான். பேப்பரில் பார்த்துத்தான் நாங்களே தெரிந்துகொள்வோம்.

இப்போது செல்போன் டவர், யார் யாரோடு பேசினான் என்று காட்டும் சிடிஆர், தெருவுக்கு நாலு கேமரா. சம்பவம் நடந்த ராத்திரியே வண்டி எந்த டோல்கேட்டைத் தாண்டியது என்று தெரிந்துவிடுகிறது. மாட்டுவோம் என்று தெரிந்தால் கொஞ்சப் பேராவது யோசிப்பான் இல்லையா. அடுத்தது, பையன்கள் ஊரில் இல்லை. திருப்பூர், கோயம்புத்தூர், துபாய். கொடைக்கு வந்தாலும் லீவு முடிந்து போக வேண்டும், பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் வெரிஃபிகேஷன் வேண்டும். கேஸ் இருந்தால் எல்லாம் போச்சு. பாஸ்போர்ட் தடுத்த கொலை நிறைய. இதற்கு என்சிஆர்பி-யில் கட்டம் இல்லை.

#7 குயின்ஸ்வாசி

நியூயார்க்கில் இருபது வருடமாக இருப்பவன் என்ற முறையில் இந்தப் பக்கத்துக் கதையையும் சேர்க்கிறேன். 1990-ல் இந்த நகரத்தில் 2,245 கொலைகள். 2017-ல் 292. கோவிட் காலத்தில் மறுபடி ஏறி 2021-ல் 488. 2024-ல் 377. இவ்வளவு பெரிய இறக்கத்தை 1990-ல் யாரும் கனவில்கூட நினைக்கவில்லை. 90களின் நடுவில் பெரிய பெரிய பேராசிரியர்களே, ஈவு இரக்கமில்லாத ஒரு இளைஞர் தலைமுறை வரப்போகிறது, ரத்த ஆறு ஓடும் என்று எழுதினார்கள். அவர்கள் எழுதிய மை காய்வதற்குள் எண் பாதியாகிவிட்டது.

எதனால் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். மேயர் ஜூலியானியும் கமிஷனர் பிராட்டனும், சின்னக் குற்றத்தை விடாமல் பிடித்தால் பெரிய குற்றம் நடக்காது என்றார்கள். உடைந்த ஜன்னலைச் சரி செய்யாமல் விட்டால் மற்ற ஜன்னல்களும் உடையும் என்று வில்சன், கெல்லிங் இருவரும் 1982-ல் எழுதிய கட்டுரைதான் இதற்கு மூலம். டிக்கெட் எடுக்காமல் கம்பியைத் தாண்டிக் குதிப்பவனைப் பிடி, சுவரில் கிறுக்குபவனைப் பிடி. இன்றைக்கும் இங்கே பாதிப் பேர் இதைத்தான் காரணம் என்பார்கள். சிக்கல் என்னவென்றால், பிராட்டன் வந்தது 1994-ல், இறக்கம் தொடங்கியது 1991-ல். அந்தப் பாணியைப் பின்பற்றாத சான் டியகோவிலும் ஏறக்குறைய அதே இறக்கம்.

எண்களை வீட்டில் ஒருவரும் நம்பவில்லை என்றீர்கள், இங்கேயும் அப்படித்தான். கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் பல வருடமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது: போன வருடத்தைவிட நாட்டில் குற்றம் கூடியிருக்கிறதா? பெரும்பாலான வருடங்களில் பத்தில் ஆறு பேராவது ஆமாம் என்கிறார்கள். 2023-ல் 77 சதவீதம் ஆமாம் என்றது. அந்த வருடம்தான் எஃப்பிஐ கணக்கில் கொலை ஒரேயடியாக 11 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. அடுத்த வருடம் மார்ச்சில் எங்கள் கவர்னர் சப்வேயில் நேஷனல் கார்டு ராணுவத்தை நிறுத்தினார். துப்பாக்கியோடு சிப்பாய் நின்றால் யாருக்குத்தான் பயம் வராது? என் மனைவி அதற்கப்புறம்தான் ராத்திரி ரயிலில் போவதையே விட்டாள்.

இன்னொன்று, நம் ஊர்க்காரர்கள் ஏன் கவனிப்பதில்லையோ. இங்கே சாதனை என்று கொண்டாடும் 377-ஐ 80 லட்சத்துச் சொச்சம் பேருக்கு வகுத்தால் லட்சத்துக்கு நாலரை வருகிறது. தமிழ்நாட்டுக்கு இரண்டு. என்னைப் பார்த்து "அங்கே பத்திரமா இருக்கியா" என்று யாரும் கேட்டதில்லை. நான்தான் ஊருக்குப் போன் போட்டு "ராத்திரி வெளியே போகாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

#8 ரயிலடி

அப்போ அடி கொடுத்தால் அடங்குவான் என்றுதானே அர்த்தம்? இங்கேயும் மாவுக்கட்டு போட்ட பிறகுதான் கொஞ்சம் அடங்கியிருக்கிறான்கள்.

#9 கறுப்புக்கோட்டு

ரயிலடி அண்ணே, பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை உடைகிறவர்கள் எல்லாருமே கைதிகளாக இருப்பதும், வழுக்கி விழும் பாத்ரூம்கள் எல்லாம் ஸ்டேஷனிலேயே இருப்பதும் உங்களுக்கு வேடிக்கையாகப் படவில்லையா? கோர்ட்டில் இதைப் பார்க்கிறவளுக்குச் சிரிப்பு வருவதில்லை. மாவுக்கட்டு போட்ட பையன் வெளியே வரும்போது ஏரியாவில் அவன் மதிப்பு கூடியிருக்கும். ஜெயிலில் புது ஆட்களைப் பழகியிருப்பான்.

குயின்ஸ்வாசி சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். நியூயார்க் போலீஸ் தெருவில் போகிறவனை நிறுத்திச் சோதனை போடுவது 2011-ல் உச்சத்துக்குப் போனது. 6,85,000-க்கு மேல். பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். 2013-ல் கோர்ட் அதை நடத்திய விதம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. சோதனைகள் மளமளவென்று குறைந்தன. கொலை ஏறியிருக்க வேண்டுமே? நடுவில் 2015-ல் மட்டும் சற்று ஏறியது, 2017-க்குள் இன்னும் கீழே இறங்கிவிட்டது.

நம் ஊரில் குண்டர் சட்டம் 1982-லிருந்து இருக்கிறது. வருடா வருடம் ஆயிரக்கணக்கில் போடுகிறார்கள், அதில் எத்தனையோ ஹைகோர்ட்டில் ரத்தாகின்றன. நடைமுறைக் கோளாறு, தாமதம், படிக்க முடியாத நகல் என்று காரணங்கள். அதனால் கொலை குறைந்தது என்று காட்ட ஒரு ஒழுங்கான ஆய்வை நான் பார்த்ததில்லை. இருந்தால் யாராவது காட்டுங்கள்.

#10 குயின்ஸ்வாசி

வக்கீல் அம்மா சொன்னது சரி. இன்னொரு விளக்கம் எனக்குக் கொஞ்சம் பிடிக்கும்: ஈயம். பெட்ரோலில் ஈயம் கலந்த காலத்தில் அந்தப் புகையைச் சுவாசித்து வளர்ந்த குழந்தைகளுக்கு மூளையில் அடக்கும் சக்தி குறைகிறது, இருபது வருடம் கழித்து அது வன்முறையாக வெளிவருகிறது என்கிறார்கள். அமெரிக்காவில் 70களில் ஈயத்தைக் குறைக்கத் தொடங்கினார்கள், 90களில் குற்றம் இறங்கியது. காலம் கச்சிதமாகப் பொருந்துகிறது.

#11 கணக்குப்பிள்ளை

அமெரிக்காவில் பொருந்துகிறது. இந்தியாவில் ஈயமில்லாத பெட்ரோல் நாலு பெருநகரங்களுக்கு வந்தது 1995-ல், நாடு முழுக்க ஈயத்தை நிறுத்தியது 2000-ல். அந்த வருடம் பிறந்த குழந்தை 2008-ல் இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படித்துக்கொண்டிருக்கும். நம் கொலை விகிதம் அதற்குள் நன்றாகவே இறங்கிவிட்டது. ஈயம் கெடுதல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இங்கே அதற்கு முதல் பரிசு கொடுக்க முடியாது. இந்த விஷயத்தில் வந்த ஆய்வுகளை மொத்தமாக எடைபோட்டவர்களும், விளைவு முதலில் சொன்ன அளவு பெரிதில்லை என்றுதான் முடித்தார்கள்.

பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், அதனால்தான் சண்டை குறைந்தது என்றும் ஒரு வாதம் வரும், முன்பே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு இரண்டு குழந்தைக்கும் குறைவு என்பது உண்மைதான். ஆனால் இந்தியா முழுக்க எடுத்தால் 2011 வரை இளைஞர்களின் பங்கு பெரிதாகக் குறையவே இல்லை. இளைஞர் கூட்டம் உச்சத்தில் இருந்த காலத்திலேயே கொலை விகிதம் இறங்கியிருக்கிறது.

#12 கோடம்பாக்கத்தான்

டாஸ்மாக்கை மறந்துவிட்டீர்களே. 2003-ல் அரசாங்கமே சாராயக் கடையை எடுத்து நடத்தத் தொடங்கியது. குடி கூடியது. கொலை குறைந்தது. ஆகவே குடித்தால் சாந்தமாகிறான்? ஆராய்ச்சிக் கட்டுரை எழுதலாம் என்றிருக்கிறேன். 😀

#13 கணக்குப்பிள்ளை

எழுதுங்கள். இரண்டு கோடு ஒரே காலத்தில் ஓடினால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று சொல்கிற எல்லாருக்கும் அதை அனுப்பி வைக்கலாம்.

#14 ஸ்காபரோ_பொடியன்

கனடா, ஸ்காபரோவில இருந்து ஒரு குறிப்பு. இங்கயும் 90களில கொலை வீதம் இறங்கினது. அமெரிக்கா மாதிரிச் சிறை கட்டி ஆக்களை அடைக்கேல்லை, ஜூலியானியும் இல்லை. ரெண்டு நாட்டிலயும் ஒரே காலத்தில ஒண்டு நடந்தால், ஒரு நாட்டில மட்டும் செய்த வேலையைக் காரணம் எண்டு சொல்லேலாது.

எங்கட சனத்துக்குள்ளயும் அந்த நாளில குழுச் சண்டை இருந்தது. வாள், பிறகு துவக்கு. அப்பா என்னைப் பின்னேர வகுப்புக்கே தனிய விடமாட்டார். 2001-ல பொலிஸ் ஒரேயடியாக் கனபேரைப் பிடிச்சது. ஆனா அதைவிட, பொடியளுக்கு வயசு போச்சு. கலியாணம், மோட்கேஜ், பிள்ளையளுக்கு நீச்சல் வகுப்பு. குழுவில இருந்த ஒருத்தர் இப்ப எங்கட தெருவில வீடு விற்கிற ஏஜென்ட். அப்பாவுக்கு மட்டும் இண்டைக்கும் ஸ்காபரோ 1999-தான்.

#15 அஞ்சறைப்பெட்டி

இவ்வளவு நேரம் ஆண்கள் ஆண்களை வெட்டுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் ராத்திரி ஒன்பதரைக்கு ஷிஃப்ட் முடிந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, லட்சத்துக்கு இரண்டு என்ற எண் எனக்கு எந்த விதத்தில் உதவும்? என்னை யாரோ கொன்றுவிடுவார்கள் என்று நான் பயப்படுவதில்லை. பைக்கில் வந்து செயினை இழுப்பான், பின்னாலேயே வருவான், ஷேர் ஆட்டோவில் இடிப்பான். இதில் எதையாவது நான் ஸ்டேஷனில் போய்ச் சொல்லியிருக்கிறேனா? இல்லை. ஒருமுறை போன தோழிக்கு, புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் சிஎஸ்ஆர் ரசீது கிடைத்தது. எஃப்ஐஆர் கிடைக்கவில்லை.

தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு, அதாவது 2019-21-ல் எடுத்தது, உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களில் 14 சதவீதம் பேர்தான் யாரிடமாவது உதவி கேட்டார்கள் என்கிறது. யாரிடமாவது என்றால் அம்மா வீடும் அதில் சேர்த்தி. போலீசுக்குப் போனவர்கள் அதிலும் கொஞ்சம். "கொலை குறைந்துவிட்டது, ஜனங்கள் சும்மா பயப்படுகிறார்கள்" என்று எழுதுகிறவர்கள் எந்த ஜனத்தைச் சொல்கிறார்கள்?

#16 வைகைக்கரை

நியாயமான கேள்வி. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை நேரத்தில் ஒரு இளம்பெண்ணை வெட்டிக் கொன்றார்களே, அந்த நிலையத்தில் அப்போது ஒரு கேமராகூட இல்லை. அதற்குப் பிறகுதான் நகரம் முழுக்க கேமரா கேமரா என்று வைத்தார்கள். கேமரா வந்ததில் ஆள் சிக்குகிறான், சரி. கூடவே ஒவ்வொரு வெட்டும் வீடியோவாகி நம் கைக்கு வருகிறது. முன்பு "முன்விரோதம் காரணமாக வாலிபர் வெட்டிக் கொலை" என்று ஆறாம் பக்கத்தில் நாலு வரி. இப்போது அதே கொலையை, ஓடுவதையும் விழுவதையும், சிவப்பு வட்டம் போட்டு, பத்து முறை திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். சேலத்தில் நடந்ததை நாகர்கோவிலில் பார்த்தால், அது நாகர்கோவிலில் நடந்த மாதிரித்தான் மனசில் பதிகிறது.

#17 காஷுவாலிட்டி_சிஸ்டர்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஏட்டையா கேமரா என்கிறார், வக்கீல் சட்டம் என்கிறார். நான் வேலை பார்ப்பது ஒரு அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில். அரிவாள் குறைந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. சாவுதான் குறைந்திருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வெட்டுப்பட்டவனை வேட்டியைச் சுற்றி ஆட்டோவில் போட்டுக் கொண்டுவருவார்கள். கூட வந்த நாலு பேரும் அவன் மேல் உட்கார்ந்திருப்பார்கள். பாதி வழியில் போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்தி மெமோ வாங்கிக்கொண்டு வருவார்கள், மெமோ இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் தொடமாட்டார்கள் என்று பயம். வந்து சேரும்போது நாடி இருக்காது. தலையில் வெட்டு என்றால் சும்மா கட்டுப்போட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிவிடுவோம். அவ்வளவுதான் அங்கே வசதி.

108 தமிழ்நாட்டில் 2008-ல் வந்தது. இப்போது வெட்டுப்பட்ட இடத்திலேயே அழுத்திக் கட்டி, டிரிப் ஏற்றி, வரும் வழியிலேயே எங்களுக்குப் போன் செய்துவிடுகிறார்கள். சிடி ஸ்கேன் கீழ்த்தளத்திலேயே இருக்கிறது. ரத்தம் ஃபிரிட்ஜில் இருக்கிறது. போன மாதம் ஒரு பையன், தோளிலிருந்து முழங்கை வரை வெட்டு, ரத்தக்குழாய் போய்விட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு வாஸ்குலர் சர்ஜன் வந்து தைத்தார். பிழைத்தான். பதினைந்து வருடம் முன்பு அவன் போஸ்ட்மார்ட்டத்துக்குப் போயிருப்பான், உங்கள் எண்ணிக்கையில் ஒன்று ஏறியிருக்கும்.

#18 கணக்குப்பிள்ளை

சிஸ்டர், இந்த இழையிலேயே முக்கியமான பதிவு உங்களுடையதுதான். அமெரிக்காவில் ஆண்டனி ஹாரிஸ் என்பவரும் கூட்டாளிகளும் 2002-ல் இதையே கணக்குப் போட்டார்கள். 1960-க்குப் பிறகு அவசர சிகிச்சை முன்னேறாமல் இருந்திருந்தால் அங்கே கொலைகள் மூன்றிலிருந்து ஐந்து மடங்கு வரை கூடுதலாக இருந்திருக்கும் என்று வந்தது. மடங்கு எத்தனை என்பதில் சண்டை உண்டு, திசையில் இல்லை.

நம் கணக்கிலும் ஒன்று இடிக்கிறது. 2001-ல் கொலை 36,202, கொலை முயற்சி 31,523. 2011-ல் கொலை 34,305, கொலை முயற்சி 31,385. முயற்சி எப்போதும் கொலைக்குக் கீழேதான். இன்றைக்குத் தலைகீழ். கொலை முயற்சி வழக்குகள் கொலையை எங்கோ தாண்டிப் போய்விட்டன. கொல்ல வந்தவன் குறையவில்லை, செத்தவன் குறைந்தான் என்று படித்தால் சிஸ்டர் சொல்வதோடு அப்படியே பொருந்துகிறது.

#19 ஏட்டு_ஓய்வு

அவசரப்படாதீர்கள். கொலை முயற்சிக்கான 307 எப்படி விழுகிறது என்று தெரியுமா? (இப்போது 109 என்று சொல்ல வேண்டும், வாயில் வரமாட்டேன் என்கிறது.) அடிதடியில் இரண்டு பக்கமும் ஆஸ்பத்திரியில் போய்ப் படுப்பார்கள். ஒருவன் கேஸ் கொடுத்தால் இன்னொருவன் கவுண்டர் கேஸ். ஆயுதத்தால் காயப்படுத்தியதாக 324 போட்டால் உடனே ஜாமீனில் போய்விடுவான். 307 போட்டால் கொஞ்ச நாள் உள்ளே இருப்பான். அரசியல் சிபாரிசு, மேலதிகாரி கோபம், ஊர் மறியல், எல்லாமும் 307 ஆகும். என் காலத்திலேயே, கம்பால் அடித்ததற்கு 307 போட்டதும் உண்டு, மண்டை பிளந்ததற்கு 324 போட்டதும் உண்டு. 2013 தீர்ப்புக்குப் பிறகு எஃப்ஐஆர் தாராளமாகவே விழுகிறது. அந்த எண் ஏறியதற்கு அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம்.

#20 கறுப்புக்கோட்டு

ஏட்டையா சொல்வதை நூற்றுக்கு நூறு ஒப்புக்கொள்கிறேன், சர்வீசில் இருக்கும்போது ஒரு ஏட்டு இதை இப்படிச் சாட்சிக் கூண்டில் சொல்லியிருந்தால் என் கட்சிக்காரர்கள் பல பேர் வீட்டில் இருந்திருப்பார்கள்.

#21 வைகைக்கரை

சரி, இப்போது விஷயம் இங்கே வந்து நிற்கிறது. கொலை குறைந்தது நிஜம், அதில் யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை. வன்முறையே குறைந்ததா, இல்லை பிழைப்பவர்கள் கூடினார்களா என்பதுதான் தெரியவில்லை. அதைப் போலீஸ் கணக்கை வைத்துத் தீர்க்க முடியாது, ஏனென்றால் எந்தச் செக்‌ஷன் என்பது ஸ்டேஷனைப் பொறுத்தது. வேறு எங்கே பார்ப்பது?

#22 கணக்குப்பிள்ளை

ஆஸ்பத்திரியில். வேல்ஸ் நாட்டு கார்டிஃப் நகரில் ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற முகச் சீரமைப்பு அறுவை மருத்துவர் இதைத்தான் செய்தார். தன்னிடம் தாடை உடைந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் போலீஸ் கணக்கிலேயே இல்லை என்று கண்டுபிடித்தார். எங்கே, எந்த நேரத்தில், எந்த ஆயுதத்தால் அடிபட்டது என்ற மூன்று விவரத்தை மட்டும், பெயர் இல்லாமல், அவசரப் பிரிவு வரவேற்பு மேசையில் குறித்து நகராட்சிக்கும் போலீசுக்கும் கொடுக்க ஏற்பாடு செய்தார். எந்த மதுக்கடை வாசலில் சண்டை அதிகம் என்று தெரிந்தது, அங்கே ஆள் போட்டார்கள், காயம் குறைந்தது. பிறகு இங்கிலாந்து, அமெரிக்கா என்று அந்த முறை பரவியது.

#23 காஷுவாலிட்டி_சிஸ்டர்

நம்மிடம் அது ஏற்கெனவே இருக்கிறதே. ஏஆர், ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர். அடிதடி என்று வந்தால் டியூட்டி டாக்டர் எழுதியே ஆக வேண்டும்: இன்ன இடத்தில், இத்தனை மணிக்கு, தெரிந்த நாலு ஆண்கள் அரிவாளால் தாக்கியதாகச் சொல்கிறார். காயம் எத்தனை செ.மீ. நீளம், எத்தனை ஆழம். ஒரு நகல் போலீசுக்குப் போகும். தடித்த நோட்டு, கார்பன் தாள் வைத்து எழுதுவோம், ராத்திரி டியூட்டியில் என் கையெல்லாம் நீலமாகிவிடும். நிரம்பினால் ரெக்கார்டு ரூமுக்குப் போகிறது. யாரும் கூட்டிப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

#24 கறுப்புக்கோட்டு

கோர்ட்டில் நாங்கள் தினமும் குடைவது அந்த ஏஆர் காப்பியைத்தான். எஃப்ஐஆரில் ஆறு பேர் என்றிருக்கும், ஏஆரில் "தெரியாத இரண்டு நபர்கள்" என்றிருக்கும். மற்ற நாலு பேர் ஸ்டேஷனில் சேர்ந்தவர்கள்.

வைகைக்கரை, தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். பெயர், முகவரி எதுவும் வேண்டாம், மாதவாரியாக எண்ணிக்கை மட்டும் என்று தெளிவாக எழுதுங்கள். பத்து வருடத்துக்குக் கேட்டால், அவ்வளவையும் தொகுக்க ஆள் இல்லை என்று 7(9)-ஐக் காட்டி மறுப்பார்கள். அதனால் இரண்டே வருடம் கேளுங்கள், ஒரு பழைய வருடம், ஒரு புது வருடம். தொகுத்துத் தர முடியாவிட்டால் நேரில் வந்து பார்வையிட அனுமதி வேண்டும் என்றும் அதிலேயே சேருங்கள். 2(ஜே) பிரிவில் அந்த உரிமை இருக்கிறது.

#25 காஷுவாலிட்டி_சிஸ்டர்

கேட்கும்போது அடிதடி என்று வருவதை மட்டும் கேட்காதீர்கள். அஞ்சறைப்பெட்டி அக்கா கேட்டதற்கு அதில் பதில் கிடைக்காது. கண் வீங்கி, உதடு கிழிந்து வருகிற பெண்கள் என்ன சொல்வார்கள் தெரியுமா? மாடிப்படியில் விழுந்துவிட்டேன். பக்கத்தில் புருஷன் நிற்பான். டாக்டர் "கீழே விழுந்தது" என்று எழுதிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விடுவார். இருபதிலிருந்து நாற்பது வயதுப் பெண்கள், முகத்தில் காயம், கீழே விழுந்தது. அதைத் தனியாகக் கேளுங்கள்.

#26 வைகைக்கரை

சேர்த்துவிட்டேன். மூன்று கேள்வி: அடிதடிக் காயம், அதில் கூர்மையான ஆயுதம் எத்தனை, மூன்றாவது சிஸ்டர் சொன்னது. 2009-க்கும் போன வருடத்துக்கும். திங்கட்கிழமை தபாலில் போடுகிறேன். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. வக்கீல் அம்மா, அப்போது உங்களைத்தான் தொந்தரவு செய்வேன்.

ரயிலடி, ஃபைலில் குறைக்கிறார்கள் என்று சொன்னீர்களே. உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு நீங்களும் ஒன்று போடுங்கள். பத்து ரூபாய்தான்.

#27 ரயிலடி

மனு மாதிரியை இங்கே ஒட்டுங்கள், பார்க்கலாம்.